வேடமும் வேடம் பூண்டவனும்

வேடம் பூண்டவன் அவ்வேடத்துக்குள் எவ்வளவு தூரம் புகலாம்? மேசையைச் சுற்றி அமர்ந்து, தம்மைக் கதைமாந்தராகப் பாவித்து விளையாடும் இளைஞரிடையே இன்று இவ்வினா எழுகிறது. 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுக்கு முன்னோடி. அதில் ஒப்பனை இல்லை. பேச்சும் பகடையுமே கருவிகள். ஆயினும் ஒருவன் தன் பாத்திரத்தின் சினத்தைத் தோழன்மேல் கொட்டிவிட்டு, "நான் என்ன செய்வேன், என் பாத்திரம் அப்படிப்பட்டது" என்கிறான். விளையாட்டு அங்கே முடிந்து, மனவருத்தம் தொடங்குகிறது.

அறிஞர்கள் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். நல்ல நடிகன் உணர்ச்சியைக் காட்ட வேண்டுமேயன்றித் தான் அதற்கு ஆட்படலாகாது என்றார் பிரெஞ்சு அறிஞர் தீதரோ. அவருடைய நூல் 1830-இல் அச்சேறியது. பாத்திரத்தின் அகவாழ்வை நடிகன் வாழ்ந்து காட்ட வேண்டும் என்றார் ரஷ்ய நாட்டு ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. நம் சங்கரதாஸ் சுவாமிகளைப் (1867–1922) பற்றியும் ஒரு வரலாறு வழங்குகிறது. சனீசுவரன் வேடம் கலைக்குமுன் விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு ஒரு பெண் அஞ்சி உயிர்நீத்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் பூணுவதை விட்டு ஆசிரியராக அமர்ந்தார் என்றும் கூறுவர். வேடத்தின் வலிமை விளையாட்டன்று என்பதை இது உணர்த்தும்.

நான் வாழ்வது தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில். இங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாக விளங்குகின்றன. ஓவியத்து வீரனுக்கு இத்தொல்லை இல்லை. அவன் வில்லை வளைத்தபடியே நிற்பான். அதே கதையைத் தெருக்கூத்தில் ஆடுபவனுக்கோ குருதியும் மூச்சும் உண்டு. ஆகவே கூத்து அவனுக்குச் சில காவல்களை அமைத்திருக்கிறது.

துகிலுரியும் காட்சியில், துச்சாதனனாக ஆடுபவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றித் திரௌபதி அம்மனை வணங்குவது பல ஊர்களில் வழக்கம். செய்யப்போவது கொடுமை என்று ஆடுபவரும் அறிவார்; எதிரில் நிற்பவரும் அறிவார். அவ்வுடன்பாட்டின் பிறகே சினம் முழுமையாக வெளிப்படுகிறது. கட்டியக்காரனோ மன்னரிடம் குறும்பு பேசி, பார்ப்போரிடமும் உரையாடி, இது கூத்து என்பதை எவரும் மறவாதபடி செய்கிறான்.

சோழநாட்டு மெலட்டூர்ப் பாகவத மேளாவையும் காண்க. அங்கே 'பிரகலாத சரித்திர'த்தில் நரசிம்மராக வருபவர் நோன்பிருந்து முகமூடி அணிகிறார். ஆவேசம் மிகும்போது இரணியனாக ஆடுபவருக்கு ஊறு நேராதபடி அவரைச் சிலர் பற்றிக்கொள்கின்றனர். ஆவேசத்தைக் குறைத்துக்கொள் என்று எவரும் சொல்வதில்லை. அதைத் தாங்கும் கைகளை முன்னரே நிறுத்திவைக்கின்றனர்.

மேசை விளையாட்டுக்கும் இம்முறை பொருந்தும் என்பேன். தொடங்குமுன் எல்லைகளைப் பேசிக்கொள்ளுங்கள்; ஒருவர் கைகாட்டினால் உடனே நிறுத்துங்கள்; முடிந்தபின் சொந்தப் பெயரால் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுங்கள். கிணற்றில் இறங்குபவனுக்கு ஆழத்தால் கேடில்லை, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் விழிப்பாக இருக்கும்வரை. அவர் கை தாங்கும் அளவே நாம் இறங்கத் தக்க ஆழம்.