இசைத்தட்டில் இருக்கிற இறந்தவர்கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இருந்தும் சிட்னியில் இருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கு, அங்கே இப்போது என்ன நேரமோ அந்த நேரத்துக்குரிய வணக்கம். வழமையாக இந்தச் சந்திப்பில் நாவலைப் பற்றியோ கவிதைத் தொகுப்பைப் பற்றியோ கதைப்போம். இந்த முறை ஒருங்கிணைப்பாளர், "உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார். வரப்போகிற விளைவுக்கு அவரே பொறுப்பு. எனக்குப் பிடித்தது றொக் இசை.

நான் இசை படித்தவன் இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடியும் வரைக்கும் துணைக்கு ஒரு வானொலி. நித்திரை வராமல் இருப்பதற்காகக் கேட்கத் தொடங்கியது, பிறகு அதனாலேயே நித்திரை வராமல் போனது. இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில் சும்மா கிடைக்கிற காலம். ஆனாலும் நான் காசு கொடுத்து இறுவட்டு வாங்குகிற ஆள். வீட்டில் இதைப் பற்றி நிலவுகிற கருத்து வேறுபாட்டை நேரலையில் சொல்ல விரும்பவில்லை.

அண்மையில் வாங்கியவற்றை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாம் 2023, 2024இல் வெளிவந்தவை. எல்லாம் வயதானவர்கள் செய்தவை. ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவர் இருக்கிறார். சிலதில் அவரைப் பற்றிய பாட்டாக. சிலதில் அவரே வாசிக்கிறார், அவரே பேசுகிறார். இறந்தவரை ஒரு புதிய பாட்டில் எப்படி இருக்கவிடுவது? அதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

முதலில் றோலிங் ஸ்ரோன்ஸ். 'ஹக்னி டயமண்ட்ஸ்', 2023 ஒக்ரோபரில் வந்தது. சொந்தப் பாட்டுகளோடு அவர்கள் ஓர் அல்பம் போட்டு அப்போது 18 வருடம். கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடிக்கொண்டு போன பிறகு தெருவில் மினுங்கிக்கொண்டு கிடக்கிற கண்ணாடித் துண்டுகளுக்குக் கிழக்கு லண்டன்காரர் வைத்த பெயர் அது. பெயர் அல்பத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. நிறைய மினுக்கம், கொஞ்சம் கண்ணாடி. மிக் ஜாகருக்கு அப்போது 80 வயது. குரல் இப்படி இருப்பது அதிசயம்தான். ஆனால் தயாரிப்பாளர் எல்லாவற்றையும் ஒரே உரப்பில் தீட்டிவைத்திருக்கிறார்.

இதில் 12 பாட்டு. அவர்களின் ட்ரம்ஸ்காரர் சார்லி வாற்ஸ் 2021 ஓகஸ்ரில் காலமானார். இறப்பதற்கு முன் அவர் வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் இதில் இருக்கின்றன. வாற்ஸிடம் ஒரு பழக்கம். மற்ற ட்ரம்ஸ்காரர்கள் வலது கையால் ஹை-ஹற் தட்டை விடாமல் தட்டிக்கொண்டே, இடது கையால் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஸ்னேர் மேளத்தை அடிப்பார்கள். இவர் அந்த அடி விழுகிற கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். தட்டு மௌனமாகும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஸ்னேர் அடி தனியே வந்து விழும். மற்றப் பாட்டுகளில் ட்ரம்ஸ் வாசித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனாலும் அட்டையைப் பார்க்காமலே அந்த இரண்டையும் என்னால் சொல்ல முடிந்தது. ஒரு மனிதர் இல்லாமல் போனார் என்பதற்கு அல்பம் முழுக்க இருக்கிற ஒரே சாட்சி, அவர் கையைத் தூக்குகிற அந்த இடைவெளிதான். மற்றபடி இதை இன்னொரு முறை முழுதாகக் கேட்பேனா என்பது சந்தேகம்.

அடுத்தது டேவிட் கில்மோரின் 'லக் அன்ட் ஸ்ரேஞ்ச்', 2024 செப்ரெம்பர். பிங்க் ஃபுளோயிட்டின் கிற்றார்காரர். அதே குழுவில் தொடக்கத்திலிருந்தே கீபோர்ட் வாசித்தவர் றிச்சர்ட் றைற். ஆரவாரம் இல்லாத மனிதர். றோஜர் வோட்டர்ஸும் கில்மோரும் மோதிக்கொண்ட வருடங்களில் எல்லோரும் மறந்துபோன ஆள். ஆனால் அவர் விரல் இல்லாவிட்டால் பிங்க் ஃபுளோயிட்டுக்கு அந்த ஆகாயம் இல்லை. 2007இல் கில்மோர் தன் வீட்டுக் கொட்டிலில் றைற்றோடு சேர்ந்து திட்டம் எதுவும் இல்லாமல் வாசித்துப் பதிவு செய்தார். அடுத்த வருடம் றைற் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தப் பதிவின் மேல்தான் அல்பத்தின் தலைப்புப் பாட்டைக் கட்டியிருக்கிறார்.

கட்டின பாட்டு நல்லது. ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதை இல்லை. இறுவட்டின் கடைசியில், அந்தக் கொட்டில் வாசிப்பைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 14 நிமிடம். கில்மோர் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு ஏதோ தேடுகிறார். றைற் அவசரப்படவில்லை. ஒரு சுரத்தை வைக்கிறார், பொறுக்கிறார், பிறகு இன்னொன்றை வைக்கிறார். பின்னேரம் திண்ணையில் இரண்டு கிழவர்கள் இருக்கிற மாதிரி. ஒருவர் கதைக்கிறார், மற்றவர் "ம்" என்கிறார். அந்த "ம்" போடுகிற ஆள் போனபிறகுதான், இவ்வளவு நாளும் கதை அதன்மேல் நின்றது என்று தெரியவருகிறது. கில்மோர் அதை வெட்டித் திருத்தி முடித்ததோடு நிற்காமல், மூலத்தையும் கூடவே வைத்தாரே, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

இனி வரப்போவது சண்டைக்குரிய இடம். பீற்றில்ஸ் ரசிகர்கள் கருத்துப் பெட்டியில் கல்லெறியலாம்.

2023 நவம்பரில் 'நவ் அன்ட் தென்' என்ற பாட்டு வந்தது. பீற்றில்ஸின் கடைசிப் பாட்டு என்று விற்றார்கள். அது சேர்ந்த நீல அல்பத்தை நானும் வாங்கினேன். 1970களின் பிற்பாதியில் ஜோன் லெனன் நியூயோர்க் வீட்டில் பியானோவோடு பாடி ஒரு கசெற்றில் பதிந்துவைத்தது அது. லெனன் 1980இல் கொல்லப்பட்டார். 1994இல் யோகோ ஓனோ கசெற்றைப் போல் மக்கார்ட்னியிடம் கொடுத்தார். 1995இல் மூன்று பேரும் முயன்று பார்த்தார்கள். பியானோ குரலை மூடியது, நாடாவில் இரைச்சல், கைவிட்டார்கள். 2001இல் ஜோர்ஜ் ஹரிசனும் போய்விட்டார். பிறகு, பீற்றர் ஜாக்சனின் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள் வந்தது. குரலைத் தனியே, பியானோவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஹரிசன் 1995இல் வாசித்துவைத்த கிற்றாரைச் சேர்த்தார்கள். பழைய பாட்டுகளில் இருந்து அவர்களின் இளம்வயதுக் குரல்களையும் எடுத்துப் பின்னணியில் ஒட்டினார்கள். 2025இல் கிராமி விருதும் கிடைத்தது.

முதல்முறை கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அதை மறைக்கவில்லை. மக்கார்ட்னியின் அன்பிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவது முறை கேட்டபோதுதான் ஒன்று உறுத்தியது. லெனன் அந்தக் கசெற்றில் ஒரு அறைக்குள் இருந்தார். புதிய பாட்டில் அவர் எங்கேயும் இல்லை. குரல் துப்புரவாக இருக்கிறது, கழுவித் துடைத்துச் சட்டகம் போட்ட படம் மாதிரி. அறையைக் காணவில்லை.

இது என் சொந்த விஷயத்தோடு முட்டுவதால்தான் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன். 1991இல் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எனக்கு ஒரு கசெற் அனுப்பினார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பல வீடுகளில் இன்னும் அப்படி ஒரு கசெற் இருக்கும். அப்போது அங்கே மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் பதிவு. சுற்றியது தம்பி. அவன் களைத்தால் நாடா மெதுவாக ஓடும். அப்படிப் பதிந்ததை இங்கே சரியான வேகத்தில் போட்டால் அம்மாவின் குரல் கீச்சென்று மெலியும். அம்மா இடையில், "வடிவாச் சுத்தடா" என்று அவனை ஏசுவார். அவன் கோபத்தில் வேகமாகச் சுற்றுவான். அம்மாவின் குரல் ஆம்பிளைக் குரல் மாதிரித் தடித்துப் போகும். முழுக் கசெற்றிலும் தம்பி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அந்த உறுமல் சத்தமும், ஏறி இறங்குகிற வேகமும்தான் அவன். 1996இல் அவன் இல்லாமல் போய்விட்டான். அதைப் பற்றி இங்கே கதைக்கப் போவதில்லை.

போன வருடம் என் மகள் நல்ல மனதோடு சொன்னாள்: "அப்பா, இப்ப இந்த இரைச்சலை எடுத்து, வேகத்தையும் சரிப்படுத்தலாம். அப்பம்மாவின்ர குரல் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும்." அவள் சொன்னது தொழில்நுட்ப ரீதியில் முழுக்கச் சரி. இரைச்சலை எடுத்தால் யார் போவார் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கசெற்றை இருந்தபடியே கணினியில் ஏற்றிவைத்திருக்கிறோம். கை வைக்கவில்லை.

சரி, இசைக்குத் திரும்புவோம். நிக் கேவின் 'வைல்ட் கோட்', 2024 ஓகஸ்ர். கேவ் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். ஒருவர் 2015இல், மற்றவர் 2022இல். முந்தைய அல்பங்களில் அந்தத் துக்கம் உறைந்துபோய்க் கிடந்தது. இதில் கூட்டுக்குரல்களோடு கோயில் திருவிழா மாதிரி எழும்புகிறது. சில இடங்களில் எனக்கு அளவுக்கு மிஞ்சின ஆரவாரமாகப் பட்டது. ஆனால் கடைசிக்கு முதல் பாட்டுக்காகவே இந்த இறுவட்டு வீட்டில் இருக்கவேண்டும். அது அனிற்றா லேன் என்ற பாடகியைப் பற்றியது. இளவயதில் அவருடைய காதலி, அவரோடு சேர்ந்து பாட்டு எழுதியவர், 2021இல் காலமானார். பாட்டுக்கு நடுவில் தொலைபேசியில் பதிவான அனிற்றாவின் குரல் வருகிறது. பழைய நாட்களை நினைத்துச் சிரித்துக் கதைக்கிறார். தொலைபேசித் தரத்திலேயே, கரகரப்போடேயே. கேவ் அதற்கு மேல் பாடவில்லை, ஒதுங்கி நிற்கிறார். செத்தவீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு, போனவரின் பகிடி ஒன்றை யாரோ சொல்ல, வீடே ஒரு கணம் சிரிக்குமே, அந்த இடம் அது.

கடைசியாகத் த கியூர் குழுவின் 'சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ற் வேர்ல்ட்', 2024 நவம்பர் 1. 16 வருடத்துக்குப் பிறகு வந்த அல்பம். எட்டே எட்டுப் பாட்டு. இந்த மேசையில் இருப்பவற்றுள் இதுதான் உயர்ந்தது என்பது என் கட்சி. றொபேட் ஸ்மித் தாயையும் தகப்பனையும் தமையனையும் இழந்த பிறகு செய்தது. இதில் இறந்த எவரின் குரலும் இல்லை. அதற்குப் பதிலாக இடம் விட்டிருக்கிறார். முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் வாத்தியம் மட்டும் போகிறது. அதன் பிறகுதான் வாய் திறக்கிறார். கடைசிப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல். பாதிக்கும் அதிகமான நேரம் வார்த்தையே இல்லை. வானொலிக்கு இது சரிப்படாது. கேட்கிற ஆளுக்கு முதலில் பொறுமை போகும். பிறகு, தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

நம்முடைய பழைய ஆட்கள் இந்த நிலைக்குக் கையறுநிலை என்று பெயர் வைத்தார்கள். இறந்தவரைப் பாடுகிற துறை, ஆனால் பெயர் பாடுகிறவருடைய நிலையைச் சொல்கிறது. புறநானூறு 242இல் குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்த பிறகு, நேரே அவனைப் பற்றி அழவில்லை. சூட யாரும் இல்லாத ஊரில் பூத்து நிற்கிற முல்லையைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஸ்மித்தின் தமையனைப் பற்றிய பாட்டில், முன்னுக்கு இடி முழக்கமும் ஒரு பியானோத் துணுக்கும் வருகின்றன. மிகச் சின்னத் துணுக்கு, ஒரு பிள்ளை ஒற்றை விரலால் வாசிக்கக்கூடியது. பாட்டு எவ்வளவு இருண்டாலும் அது மாறாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. நான் அதைக் கேட்கும்போது முல்லையைத்தான் நினைக்கிறேன். இது ஒப்பிலக்கிய ஆய்வு இல்லை; ஆய்வாளர்கள் மன்னிக்கவேண்டும்.

ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் கியூரை வாங்குங்கோ. இரண்டு என்றால் கில்மோரை. ஆனால் கொட்டில் வாசிப்புச் சேர்ந்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கோ. ஸ்ரோன்ஸை யாரிடமாவது இரவல் வாங்கலாம், என்னிடமே இருக்கிறது. ரொறன்ரோவில் ஒருவர் கை உயர்த்தியிருக்கிறார், பீற்றில்ஸ் ஆள் போலத் தெரிகிறது. மைக்கைத் திறந்துவிடுங்கோ, கேட்கட்டும்.