பச்சைக் குழந்தைக்கு ஏது பாபம்?

ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தை செத்தால் முன்ஜென்மப் பாபம் என்கிறார்கள். டில்லியில் 3 ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை சிகிச்சைக்குச் சேர்த்த 13,530 சிசுக்களை ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் அதிகமாகக் கண்டது அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி. அதில் 100-க்கு 82 பல மருந்துகளுக்கும் அடங்காதவை! காரணமென்ன? ஆஸ்பத்திரியிலும் கடையிலும் ஆண்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் எளிய கிருமி சாகும்; மருந்தைத் தாங்கும் கிருமி பிழைத்துப் பெருகும். பிறகு கழுவாத கைவழியே குழந்தையிடம் சேரும். இதில் பாபம் எங்கே வந்தது? 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் டாக்டர்களைக் கை கழுவச் செய்தார். பிரசவ மரணம் குறைந்தது. எந்தத் தெய்வம் குறைத்தது?

ஆகவே புதுவைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது: ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாடிக் விழுங்காதீர்கள். குழந்தையைத் தொடுபவர் பாட்டியானாலும் டாக்டரானாலும், “கை கழுவியாயிற்றா?” என்று கேளுங்கள். கேட்க வெட்கமேன்?