முதுமையில் ஈரல் நோய்: மருந்துண்ணுங் காலம் எது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் கொடுக்கப்பெற்ற பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. ஹெபடைடிஸ் சி என வைத்தியர் வழங்கும் நாட்பட்ட ஈரல் நோயை, 65, 70 வயது கடந்தோர் எப்பொழுது மருந்துண்டு தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அப்பொருள். தமிழாசிரியன் வைத்தியம் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். நோயாளிக்கு மருந்து கூறுதல் எம் தொழிலன்று. அதனை யாம் செய்யவும் மாட்டோம். ஆயின், வைத்தியர் பத்து நிமிடத்திற் சொல்லி முடித்ததனை வீட்டிற்கு வந்து பத்து நாள் வாதிக்கின்றார்களே, அவ்வாதத்தில் தவறான சொற்களும் காலங்கடந்த செய்திகளும் புகுந்துவிடுகின்றன. சொல்லைத் திருத்துதல் எம் தொழிலேயாதலின், அவ்வளவிற் பேச எமக்கு உரிமையுண்டெனக் கொள்கின்றோம்.

இந்நோய் நம் இல்லங்களில் வெளிப்படும் வகையை முதலிற் காண்போம். பெரியவர் ஒருவர் கண்புரை நீக்கிக்கொள்ளவோ, குடலிறக்கத்திற்குச் சிகிச்சை பெறவோ ஆஸ்பத்திரிக்குச் செல்கின்றார். கத்தி வைப்பதற்கு முன் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். 'எச்.சி.வி. பாசிட்டிவ்' என்றெழுதிய தாளொன்று கையில் வருகின்றது. அவருக்கோ நோவில்லை, காய்ச்சலில்லை, கண்ணில் மஞ்சளில்லை, வேளை தவறாது உண்கின்றார். அன்று மாலைக்குள் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. 'இத்தனை வயதிற்குமேல் மருந்தெதற்கு? உள்ளவரை நிம்மதியாயிருக்கட்டும்' என்பது ஒரு கட்சி. 'நாளைக்கே தொடங்கவேண்டும்' என்பது மற்றொரு கட்சி. வாய் திறவாத மூன்றாங் கட்சியொன்றும் உண்டு. அது பெரியவருடைய தட்டையும் தம்ளரையும் எடுத்துத் தனியே வைக்கின்றது.

அம்மூன்றாங் கட்சிக்கே முதலில் விடை கூறுவோம். இந்நோயை விளைப்பது ஒரு வைரஸ். அஃது இரத்தத்தின் வழியே இரத்தத்திற் புகுவது. உடனுண்டலால் ஒட்டாது, ஒரே பாத்திரத்தாலும், தொடுதலாலும், பேரக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுதலாலும் ஒட்டாது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொண்டாற் போதும். மேலும், முதியோர்க்கு இது வந்த வழி பெரும்பாலும் அவர்தம் ஒழுக்கத்தைச் சார்ந்ததன்று. இவ்வைரஸை விஞ்ஞானிகள் கண்டறிந்ததே 1989-ஆம் ஆண்டில். அத்துறையில் உழைத்த ஆல்டர், ஹாட்டன், ரைஸ் என்னும் மூவர்க்கு 2020-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் தானமாகப் பெறும் இரத்தம் முழுவதையும் இதற்கெனச் சோதித்தல் 2001-ஆம் ஆண்டிலேதான் கட்டாயமாயிற்று. அதற்குமுன் பிரசவத்திலோ, விபத்திலோ, அறுவையிலோ இரத்தம் ஏற்றப்பெற்றவர்களும், ஒரே கண்ணாடி ஊசியைப் பலர்க்கும் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் எத்துணைப் பேர்! எகிப்து தேசத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் 1980-க்குப் பின்னுஞ் சிலகாலம் வரை, நத்தைவழிப் புழுநோயொன்றைத் தீர்க்க ஊரூராய்ப் போட்ட ஊசிகளே இந்நோயை நாடெங்கும் பரப்பின. நோய் தீர்க்கச் சென்றவர்க்கு நோய் வந்தது. அதற்குத் தட்டை மாற்றி வைப்பது என்ன நியாயம்?

இனி, ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது கூற வேண்டும். வைத்தியர் 'நாட்பட்ட நோய்' என்கின்றார். வீட்டார் 'முற்றிய நோய்' என்று கேட்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. ஆறு திங்களுக்குமேல் உடம்பில் தங்கியதனை நாட்பட்டது என்பர். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கின்றதென்பது அச்சொல்லில் அடங்கவில்லை. நாற்பதாண்டு நாட்பட்டும் முற்றாத ஈரலும் உண்டு. இந்த ஒரு சொன்மயக்கத்தால், 'முற்றிவிட்டது, இனி என்ன செய்வது' என்று கைவிட்டோரை யாம் அறிவோம்.

அச்சம் மிக்கபோது 'ஈரற்குலை நடுங்கிற்று' என்கின்றோம். ஆனால் மெய்யான ஈரல், தனக்குத் தீங்கு வருங்கால், நடுங்குவதுமில்லை, நோவதுமில்லை. இவ்வைரஸ் புகுந்தவர் நூற்றுவருள் ஏறக்குறைய முப்பதின்மர் தாமே அதனை நீக்கிவிடுகின்றனர். மற்றையோரிடம் அது தங்கிவிடுகின்றது. தங்கியவருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர்க்கு இருபதாண்டளவில் ஈரல் தழும்பேறி இறுகிச் 'சிரோசிஸ்' என்னும் நிலையை அடைகின்றது. அவருட் சிலர்க்குப் புற்றும் தோன்றும். மது இதனை விரைவாக்கும்; முதுமையும் விரைவாக்கும். முதுமை விரைவாக்கும் என்பதனை இங்குக் குறித்துக்கொள்க. 'இத்தனை ஆண்டு ஒன்றும் செய்யாதது இனியா செய்யப் போகின்றது?' என்னும் வாதம் இங்கே விழுந்துவிடுகின்றது. முப்பதாண்டு மெல்ல நடந்தது, எழுபது வயதிற்குமேல் ஓடத் தொடங்கலாம்.

கையிலுள்ள தாள் 'பாசிட்டிவ்' என்பதனால் நோய் இருக்கின்றதென்றே முடிவு செய்தலாகாது. முதற் சோதனை காண்பது உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அஃது, வைரஸ் தானே நீங்கியவரிடத்தும் ஆயுள் முழுதும் இருக்கும். வைரஸ் இப்பொழுது உள்ளதா என்பதனை ஆர்.என்.ஏ. என்னும் இரண்டாஞ் சோதனையே சொல்லும். இரண்டாவதனைச் செய்யாமல் கண்ணீர் விட்டவர்களும் உண்டு; மருந்து தேடி அலைந்தவர்களும் உண்டு.

நிற்க. 'வைத்தியரே பொறுத்திருக்கச் சொன்னாரே' என்பர் சிலர். சொன்னது உண்மை, எப்பொழுது சொன்னார் என்பதே வினா. 1991 முதல் ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் இந்நோய்க்கு இன்டர்பெரான் என்னும் ஊசியே முதன்மையான மருந்து. பின்னர் ரிபாவிரின் மாத்திரையும் அதனோடு சேர்ந்தது. இருபத்துநான்கு வாரம் அல்லது நாற்பத்தெட்டு வாரம் ஊசி. காய்ச்சல், உடம்புவலி, மனச்சோர்வு, இரத்தக்குறைவு ஆகியன உடன்வரும். முதியோர் பலர் நடுவிலேயே நிறுத்திவிட நேர்ந்தது. இத்துணையும் பொறுத்தும், வைரஸின் முதல் வகையினால் நோயுற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கே குணம். அந்நாளில் ஈரல் மிகக் கெடாத முதியவரை நோக்கி 'நல்ல மருந்து வரும்வரை பொறுங்கள்' என்று கூறிய வைத்தியர் கூறியது முற்றும் பொருத்தமே. அவர் காத்திருக்கச் சொன்ன அம்மருந்து வந்துவிட்டது என்பதுதான் இன்றைய செய்தி.

2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சோபாஸ்புவிர் என்னும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதன் பின்னர் அதனோடு சேர்த்தற்குரிய டக்ளட்டாஸ்விர், வெல்பட்டாஸ்விர் முதலியவும் வந்தன. ஊசியில்லை; பெரும்பாலோர்க்கு எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் மாத்திரை; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்குமேல் முழுக்குணம். 65 வயதிற்கு மேற்பட்டோரிடத்தும் குணம் இளையோரிடத்துப்போலவே காணப்பட்டது. முதலில் அமெரிக்காவில் ஒரு முறைக்கு எண்பத்துநாலாயிரம் டாலர் விலை. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! கேட்டாலே நோய் வரும். 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்குச் செய்துகொள்ள உரிமை தரப்பெற்றதனால் இங்கே விலை பன்மடங்கு இறங்கிற்று. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களிற் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆதலின் 'பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டா' என்று மறுக்கும் தாய்மார்க்கு அக்காரணமும் இல்லை. கீழாநெல்லியை நம்புவோர்க்கும் ஒரு வார்த்தை: அதன்மேல் எமக்குப் பகையில்லை, ஆனால் இவ்வைரஸை உடம்பினின்று நீக்கியதாக எப்பச்சிலையும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

இனி, எப்பொழுது என்னும் வினா. வயது மட்டும் ஒரு தடையன்று. மற்றக் காரணங்களால் ஆயுள் மிகக் குறுகிவிட்டவர் தவிர, வைரஸ் உள்ளவரனைவர்க்கும் மருந்து கொடுக்கலாம் என்பதே இக்கால வைத்திய நூலார் துணிபு. எனவே, எத்துணை விரைவாக, எந்நிலையில் என்பதே ஆராயத்தக்கது. அதற்கு ஈரலின் தழும்பை அளந்தறிதல் வேண்டும். வயது, இரண்டு ஈரற் சத்துக்களின் அளவு, இரத்தத் தட்டணுக்களின் தொகை ஆகிய நான்கையும் கொண்டு போடும் கணக்கொன்று உண்டு. அதில் வயதே ஒரு பெருக்கெண்ணாதலின், முதியவர்க்கு எண் கூடுதலாகவே வரும். அதனைக் கண்டு அஞ்சாமல் 'பைப்ரோஸ்கேன்' என்னும் கருவியாலும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

தழும்பு மிகுந்திருப்பின் ஒரு திங்களும் வீணாக்கலாகாது. வயிற்றில் நீர் கோத்தல், கண் மஞ்சளாதல், இரத்த வாந்தி, புத்தித் தடுமாற்றம் ஆகியன தோன்றிவிட்டால், ஈரல் தன் தொழிலை இழந்துவருகின்றதென்பது பொருள். அப்பொழுதும் மருந்துண்டு, ஆனால் சில மாத்திரை வகைகள் அந்நிலையில் விலக்கப்பட்டவை, குணமும் குறையும், வைரஸ் போயினும் ஈரல் மீளாதிருக்கலாம். இளைஞர்க்கு மாற்று ஈரல் பொருத்தும் வழியாவது உண்டு. எழுபதைக் கடந்தவர் பலர்க்கு அவ்வழியும் எளிதன்று. அதனாலேயே, முதியவர் அந்நிலைக்கு முன்னரே மருந்துண்ண வேண்டுமென்கின்றோம்.

தழும்பு குறைவாயிருப்பின் சில வாரம் பொறுத்தல் பிழையன்று. மாரடைப்பு வந்து தேறிவருபவர், எலும்பு முறிந்து கிடப்பவர் முதலாயினோர் அதனை முதலிற் பார்த்துக்கொள்ளலாம். ஆயின் 'பிறகு பார்ப்போம்' என்பது நம் வீடுகளில் எத்தனை ஆண்டு நீளும் என்பதனை நீவிரே அறிவீர். நாளைக் குறித்துவிட்டுப் பொறுக்க வேண்டும். கண்புரைக்கோ இந்நோய் ஒரு தடையன்று. எந்நோயாளியிடத்தும் ஒரேவகையான காப்பு முறைகளைக் கைக்கொள்ள வேண்டுவது ஆஸ்பத்திரியின் கடமையாதலின், இதன் பொருட்டு ஒருவரைத் திருப்பியனுப்புதல் முறையாகாது.

மருந்து வேண்டாவென்று விடுவதும் சிலர்க்குத் தக்கதே. எமக்குத் தெரிந்த ஓர் அம்மையார், 86 வயதினர், புற்று உடம்பெங்கும் பரவிப் படுக்கையிலிருந்தார். இவ்வைரஸும் இருந்தது. வைத்தியரும் மக்களும் அதனைத் தொடவில்லை. நோவு தணிக்கும் மருந்தே கொடுத்தனர். அது சரியே. அதே தெருவில் 73 வயதுப் பெரியவர் ஒருவர், நீரிழிவு உண்டு, காலை மாலை நடப்பார். மூத்த மகன் வெளியூரிலிருந்து போனில் 'அப்பாவை வருத்த வேண்டா' என்றான். இளைய மகன் உடனே தொடங்கவேண்டுமென்று குதித்தான். இருவரும் ஒரு வாரம் வாதித்தனர். அப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. வைத்தியர்தாம் கேட்டார். 'எத்தனை நாள் மாத்திரை?' என்றார் பெரியவர். 'எண்பத்துநான்கு நாள்.' 'தை மாதம் பேத்தி கலியாணம், அதற்குள் முடியுமா?' 'முடியும்.' அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது. தம் உடம்பைப்பற்றி அறிவதற்கும் முடிவு செய்வதற்கும் முதியவர்க்கே முதல் உரிமை. புத்தி தெளிவாயிருக்கும் ஒருவரிடத்து நோயை மறைத்துவைப்பதனை அன்பென்று கூற எமக்கு மனம் வரவில்லை.

வைத்தியரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை யாவற்றையும் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்க. நாட்டு மருந்தும் லேகியமும் அதில் இருக்க வேண்டும். முதியோர்க்கு இம்மருந்துகளில் உண்டாகுந் தொல்லை பெரும்பாலும் மற்ற மருந்தோடு கலப்பதனால் வருவதே. இதயத் துடிப்பிற்குக் கொடுக்கும் அமியோடரோன், சோபாஸ்புவிரோடு சேர்ந்தால் நாடி ஆபத்தாகத் தளரலாம். வலிப்பிற்குரிய கார்பமஸெப்பின், பெனிட்டாயின், காசத்திற்குரிய ரிபாம்பிசின் ஆகியன இம்மருந்தின் வலியைக் கெடுக்கும். நெஞ்செரிவிற்கு நாம் மிட்டாய்போல் விழுங்கும் ஒமிப்ரசோல், வெல்பட்டாஸ்விர் உடம்பிற் சேர்வதனைக் குறைக்கும். கொழுப்பிற்குரிய மாத்திரைகளுட் சிலவற்றையும் மாற்றவோ குறைக்கவோ நேரும். வைரஸ் குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கலாமாதலின், நீரிழிவு மருந்தின் அளவைக் கவனித்தல் வேண்டும். இவற்றோடு ஹெபடைடிஸ் பி உள்ளதா என்றும் முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும். சி நீங்குங்கால், அடங்கிக் கிடந்த பி தலையெடுத்தல் உண்டு.

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரங் கழித்து ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் காணப்படாவிடின் குணம் என்பர். எதிர்ப்பொருட் சோதனை பின்னரும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அடுத்த அறுவைக்குச் செல்லும்போது அதுகண்டு மீண்டும் அழ வேண்டா. குணமான தாளைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுக. ஈரல் முன்பே இறுகியிருந்தவர்க்கு மட்டும் வேலை முடிவதில்லை. வைரஸ் போனபின்னும் தழும்புற்ற ஈரலிற் புற்று தோன்றக் கூடுமாதலின், அவர் ஆறு திங்களுக்கொருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே வரவேண்டும். மேலே கூறிய பெரியவர் ஆடியிலும் தையிலும் அதற்கெனச் சென்று வருகின்றார். நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைப்பவள் அப்பேத்தியே.