முழக்கோலும் மீற்றரும்



படுவான்கரையில் நெல் விதைப்போருக்கும், எழுவான்கரையிலே களுதாவளை முதலிய ஊர்களில் மரக்கறி பயிரிடுவோருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுண்டு. அஃது அவரவர் கையே. சாண், முழம், பாகம் என்பன நம் முன்னோர் உடம்பைக் கொண்டே வகுத்த அளவுகள். இன்றோ, பழைய காணி உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் எனவும், நில அளவைப் படத்தில் ஹெக்டேயர் எனவும் கணக்கு வருகின்றது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்த அறியாவிடின் நட்டம் நமக்கே.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவரது முழம் 17 அங்குலம். மற்றொருவரது முழம் 19 அங்குலம். வேறுபாடு இரண்டே அங்குலம். இருவரும் 100 முழ நீளமும் 100 முழ அகலமும் கொண்ட நிலத்தை அளந்து எடுக்கின்றனர். முன்னவர் நிலம் ஏறக்குறைய 20,070 சதுர அடி; பின்னவர் நிலம் 25,070 சதுர அடி. வித்தியாசம் 5,000 சதுர அடி, அதாவது 18 பேர்ச்சுக்கும் மேல்! நீளத்திலும் அகலத்திலும் நேர்ந்த சிறு பிழை, பரப்பில் காற்பங்காகப் பெருகிவிட்டது. குத்தகை பேசுமிடத்து இதனால் வழக்கு விளையும். பெரிய நிலத்துக்குரிய யூறியாவைச் சிறிய நிலத்துக்கு இட்டால் பயிர் மதர்த்துச் சாயும், பூச்சியும் நோயும் பெருகும், பணமும் வீணாகும்.

ஆகவே பின்வரும் நியம அளவுகளை மனத்திற் கொள்க:

1 சாண் = 9 அங்குலம் = 22.9 சென்ரிமீற்றர்
1 முழம் = 2 சாண் = 45.7 சென்ரிமீற்றர்
1 பாகம் = 4 முழம் = 6 அடி = 1.83 மீற்றர்
1 சங்கிலி = 11 பாகம் = 66 அடி = 20.1 மீற்றர்
1 ஏக்கர் = 10 சதுரச் சங்கிலி = 160 பேர்ச் = 43,560 சதுர அடி
1 ஹெக்டேயர் = 10,000 சதுர மீற்றர் = ஏறக்குறைய 2.47 ஏக்கர்

கன்றுகளை 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுக என்றால், வரிசைக்கு வரிசை இரண்டடி, கன்றுக்குக் கன்று ஒரு நியம முழம் எனக் கொள்ளலாம். ஹெக்டேயருக்கு 100 கிலோ பசளை என்றால், ஏக்கருக்கு 40 கிலோவே போதும். ஹெக்டேயர்க் கணக்கை ஏக்கருக்கு இடுவது இரண்டரை மடங்கு இடுவதாகும்.

அளக்கும் முறையையும் கூறுவேன். நேரான, நன்கு காய்ந்த மரச்சட்டம் ஒன்றை ஆறடிக்கு அறுத்து, அளவு நாடாவைக் கொண்டு அடியும் முழமும் கத்தியாற் குறித்து வைத்துக்கொள்க. அதுவே வீட்டின் முழக்கோல். தும்புக் கயிற்றை நம்ப வேண்டாம். நனைந்தபோது ஒரு நீளமும் காய்ந்தபோது வேறொரு நீளமும் காட்டும். வளைந்த வரம்பின் மேல் அளவாது, மூலைகளில் முளை அடித்து, அவற்றுக்கிடையே நேர்கோட்டில் அளத்தல் வேண்டும். நாற்புறமும் ஒவ்வாத வயலைக் குறுக்கே இரு முக்கோணங்களாகப் பிரிக்க. ஒவ்வொன்றிலும் அடியை உயரத்தாற் பெருக்கி, அதிற் பாதியை எடுத்துக் கூட்டினால் பரப்புக் கிடைக்கும்.

பெரும்போக விதைப்புக்கு முன்னரே ஒரு நாளை ஒதுக்கி உங்கள் வயலை அளந்து, பரப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐயமுடையோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். ஒருமுறை சரியாக அளந்தால், விதைக்கும் பசளைக்கும் கூலிக்கும் போகந்தோறும் அந்தக் கணக்கே பயன்படும்.