கடலோர ஊர்களும் காண வருவோரும்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கடற்கரை ஊர்களின் சிறப்புகளைப் பற்றியும், அவற்றைக் காண வரும் மக்களால் ஊருக்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றியும் பேச வேண்டுமென்று முகாம் அமைப்பாளர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசினால் கேட்பவர்க்கும் பயனில்லை, பேசுபவர்க்கும் பயனில்லை. ஆகவே ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே பேசலாம் என்று கருதுகிறோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்குக் கிழக்கே அமைந்துள்ள பழவேற்காடுதான் அவ்வூர்.

பழவேற்காட்டின் பெருமை அதன் நீர்ப்பரப்பு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நமது நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடிப் பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு வரப்புப்போல் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பக்கிங்காம் கால்வாய் ஊடே செல்கிறது. மழைக்காலத்தில் ஏரி விரியும், கோடையில் சுருங்கும். பல இடங்களில் ஆழம் ஓர் ஆள் மார்பளவைத் தாண்டாது. அந்த ஆழமின்மைதான் பறவைகளை அழைத்துவருகிறது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டங்கூட்டமாய் இறங்கி மேய்கின்றன. பூநாரை தன் அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் கவிழ்த்து, சல்லடையால் அரிப்பதுபோல் அரித்து உண்ணும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பழம்பெருமையும் இவ்வூருக்குக் குறைவில்லை. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதனையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முட்புதருமே உள்ளன. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. அதன் வாயிலில் இரு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் இங்கு வந்தது கடற்காற்று வாங்க அன்று. இப்பகுதியின் நெசவாளர்கள் நெய்த கட்டம்போட்ட துணியைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மலாய் மக்கள் இன்றும் கட்டம்போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்று அழைக்கிறார்கள். பெலிகாட் என்பது நமது பழவேற்காடே. ஊரின் பெயர் கடல்கடந்து வாழ்கிறது. அதை நெய்த தறிகளோ ஊரில் மறைந்துவிட்டன. வருவோர்க்கு விற்பதற்கு இன்று ஊரிலிருப்பது பனையோலைப் பெட்டிதான். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்மணிகள் சாயமேற்றிய ஓலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் அத்துணை நேர்த்தியானவை. கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் ஆகிய மூன்றும் பழமையாக உள்ள இவ்வூரைச் சுற்றிப் பார்க்க ஒரு பகற்பொழுது போதாது.

இனி, நாம் பேச வந்த காரியத்துக்கு வருவோம். வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்களோ, அது எதனால் உயிர் வாழ்கிறது என்பதை ஊராட்சி அறிந்திருக்க வேண்டும். பழவேற்காட்டில் அது முகத்துவாரம். ஏரி கடலோடு கலக்கும் அந்த வாய் திறந்திருந்தால்தான் எல்லாம் நடக்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளை இறாலும் மடவையும் கொடுவாவும் இப்படி வந்துபோகிறவையே. வாய் மூடிவிட்டால் குஞ்சு வராது. கோடையில் நீர் காய்ந்து உப்பு ஏறும். வலையில் அகப்படுவது குறைந்துகொண்டே போகும்.

இது மீனவர் பிரச்சினை, நமக்கென்ன என்று உழவர்கள் இருந்துவிடுதல் ஆகாது. கார்த்திகை மழையில் ஆரணியாறு பெருகி வரும்போது வாய் மண்மூடிக் கிடந்தால், வெள்ளம் எங்கே போகும்? பின்வாங்கி வயலில்தான் நிற்கும். கதிர் பிடிக்கும் பருவத்தில் நான்கு நாள் நீர் நின்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

வாய் ஏன் மூடுகிறது? ஆண்டின் பெரும்பகுதியில் நமது கிழக்குக் கரையோரமாக அலையின் போக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் மட்டும் சில மாதம் திரும்பும். இந்த மணலாற்றின் குறுக்கே எங்கே கல்லைப் போட்டாலும், தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பிய பின் தெற்கே மெரீனா விரிந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்ததும் யாவரும் கண்ட உண்மை. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. நாட்டுக்குத் துறைமுகம் வேண்டாமென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கரையில் நிகழும் மாற்றத்தை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்வது அக்கரையில் வாழும் ஊராட்சியின் உரிமையும் கடமையும் ஆகும். நட்டுவைத்த ஒரு கல்லிலிருந்து அலை விளிம்பு எத்தனை அடி என்று மாதம் ஒரு முறை குறித்து வைக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மனு எழுதும்போது 'கடல் அரிக்கிறது' என்பதற்கும், 'இந்தக் கல்லிலிருந்து இத்தனை அடி உள்ளே வந்துள்ளது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நாங்கள் நன்கு அறிவோம்.

இந்த ஏரியில் பாடு என்னும் முறை ஒன்று தொன்றுதொட்டு வழங்கிவருகிறது. இறால் மிகுதியாய்ப் படும் இடங்களில் எவர் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல பாடு ஒருவர்க்கே நிலைத்துவிடாது, சுழன்றுவரும். நமது ஏரிப் பாசனத்தில் நீர்முறை வைப்பதுபோன்றதே இது. பாட்டில் இடம்பெறாத குப்பங்களுக்கு இம்முறையில் மனக்குறை உண்டு, அது நியாயமும்கூட. ஆயினும், ஏரியை ஒரே நாளில் அரித்தெடுத்துவிடாமல் காத்து வந்திருப்பது இந்த ஏற்பாடுதான். சுற்றுலா வளர்ந்து, பாடு உள்ள இடத்தில் இயந்திரப் படகு குறுக்கும் நெடுக்கும் ஓடத் தொடங்கினால் வலையும் அறும், முறையும் அறும்.

படகு என்றதும் ஒரு துயரத்தைச் சொல்லியாக வேண்டும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்த குடும்பத்தினர் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி ஏரியில் சென்றார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மிதவைச் சட்டை இல்லை. அதன் பின்னரே படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. படகுக்காரரின் மேல் குற்றம் சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் மீனவர் தம் படகில் ஏற்றுவது வலையும் மீனும், உடன் நீந்தத் தெரிந்த நான்கு பேரும். அதே படகில் நீச்சல் அறியாத இருபது பேரை ஏற்றினால், ஓர் அலை கண்டு எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து சாய்வார்கள். முகத்துவாரத்தருகே ஏற்ற நீரும் ஆற்று நீரும் மோதும் இடத்தில் அது போதும். உங்கள் ஊரில் நீர்நிலை இருந்து, விடுமுறை நாளில் யாராவது 'தலைக்கு இவ்வளவு' என்று படகேற்றத் தொடங்கினால், அது சிறு வருமானம்தானே என்று கண்டும் காணாமல் இருந்துவிடாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, படகின் தகுதிச் சான்று, தலைக்கு ஒரு மிதவைச் சட்டை ஆகிய மூன்றும் இல்லாத படகு கரையிலேயே நிற்கட்டும். அன்றைய கூலி போனால் மறுநாள் வரும்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முன்பு வேறொரு கடலோர வட்டாரத்தில் பணியாற்றியபோது, காண வருவோர் தங்கி இளைப்பாற மணல் மேட்டின் மேல் ஒரு மண்டபம் கட்டினோம். பக்கத்திலேயே ஆழ்குழாய்க் கிணறு ஒன்றும் போட்டு, மோட்டார் வைத்து, தொட்டியும் கட்டினோம். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. இரண்டு கோடை கழிந்தது. குழாயில் வந்த நீர் வாயில் வைக்க முடியாதபடி உவர்த்துவிட்டது. அதுமட்டுமன்று, அருகிலிருந்த குப்பத்துக் கேணியும் உவர்த்தது. அக்குப்பத்துப் பெண்கள் பல மாதங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். மண்டபத்துக்கு விருந்தினர் அதிகம் வரவில்லை; மீனவர்கள் அதில் வலை உலர்த்தினார்கள். அதுவே அதன் உருப்படியான பயன் என்று இப்போது நினைக்கிறோம்.

என்ன நடந்தது என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நல்லது. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவிடும். கை ஏற்றத்தாலும் வாளியாலும் மேலாக மொண்டு குடித்த வரையில் நம் முன்னோரின் கேணிகள் கெடவில்லை. ஆழத் துளைத்து மோட்டாரால் உறிஞ்சியதும் கெட்டது. பழவேற்காட்டுக்குத் தென்மேற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் உவர்நீர் பல கிலோமீட்டர் உள்நாட்டில் புகுந்து, நல்ல நெல் விளைந்த நிலங்களின் கிணறுகளைக் கெடுத்திருப்பது கண்கூடு. ஒரு முறை புகுந்த உப்பு ஒரு மழையில் வெளியேறாது. ஆகவே கடலோரத்தில் விடுதி கட்ட விரும்புவோர் வந்தால், எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்று கேளுங்கள்.

இறால் பண்ணைக்கும் இதே கேள்விதான். நெல் வயலைக் குளமாக்கி உவர்நீர் நிரப்பினால் பக்கத்து வயலும் சேர்ந்து கெடும். உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டித்துத் தீர்ப்பு வழங்கியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்த இயலாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அப்படியானால் வருவோரை வரவேற்கவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வரவேற்கலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை, உள்ளூர் மக்களும் மீனவரும் தம் பழைய வீட்டின் அடித்தளப் பரப்பையும் தோற்றத்தையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஒரு வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரம்மாள் சமைத்த நண்டுக் குழம்பு. காலையில் பறவை காட்ட ஊர்ப் பையன் ஒருவன். திரும்பும்போது ஓலைப் பெட்டி இரண்டு. இதில் வரும் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். பெரிய விடுதியில் நம் ஊரார்க்குக் கிடைப்பது பெரும்பாலும் வாயிற்காவலும் துடைப்பமும்தான். இது எங்கள் சொந்தக் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கடற்கரையில் வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் ஏலம் விடும் இடம், கடலுக்குச் செல்லும் பாதை, சுடுகாடு ஆகியவை பல ஊர்களில் புறம்போக்காகவோ வாய்மொழி வழக்காகவோ மட்டுமே உள்ளன. கரைநிலத்துக்கு விலையேறும் நாளில் முதலில் வேலியடைபடுவது இவையே. பாதையை அடைத்தபின் வழக்காடுவதைவிட, இப்போதே கிராம நிர்வாக அலுவலரை அழைத்துச் சர்வே எண்ணோடு ஒரு பட்டியல் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். பட்டியல் எழுதும்போது வயதான மீனவர் இருவரும், மீன் விற்கும் தாய்மார் இருவரும் கட்டாயம் உடனிருக்கட்டும். எந்த வழி எங்கே போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேணி நீரை அளப்பதற்கு அடிக்கொரு முடிச்சிட்ட கயிறுகளை வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். ஊராட்சிக்கு ஒன்று வீதம் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். அளவைக் குறித்துவரச் சிறு ஏடு ஒன்றும் உடன் கட்டப்பட்டிருக்கிறது; தை மாதத்தில் நாங்கள் சுற்றுப்பயணம் வரும்போது அதைப் பார்க்க விரும்புகிறோம்.