பத்தாம் எண் கூண்டு ஏறும் முன்னே

(மைசூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ஊதுபத்தித் தொழிலாளியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மைசூரில் நின்றுகொண்டு புயலைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கே அலை வராது. ஆனால் கண்ணம்பாடி அணையைத் தாண்டும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? பூம்புகாரில். மைசூரில் மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் காலை மயிலாடுதுறை. நம்மில் பலருடைய தாய் தந்தையர் அந்தக் கரையில்தான் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் நமக்குத் தூக்கம் ஏது?

என் தந்தை வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 15. கஜா புயல் வருகிறது என்று வானொலியும் தொலைக்காட்சியும் அலறிக்கொண்டிருந்தன. நான் இங்கே பத்தி உருட்டிக்கொண்டே மூன்று முறை போன் செய்தேன்.

“அப்பா, பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க.”

“போறேம்மா, போறேன்.”

இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை நான் சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். “அம்பத்திரெண்டு புயலையும் பாத்தேன், எழுபத்தேழையும் பாத்தேன். நீ மைசூர்ல உக்காந்துகிட்டு எனக்குப் புயல் சொல்றியா?” என்றார். அதோடு லைன் போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

நள்ளிரவுக்குப் பின் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்தது. கூரை போன பிறகு, தவழ்ந்து போய், பக்கத்து மாடி வீட்டுத் திண்ணை ஓரம் விடியும்வரை ஒடுங்கிக் கிடந்திருக்கிறார். பிழைத்தார். பிழைத்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “நாந்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆவாதுன்னு!”

தோழர்களே, இங்கேதான் ஆபத்து இருக்கிறது. தப்பித்தவர் தன் முடிவு சரி என்று நினைக்கிறார். தங்கி, செத்துப்போனவர் வந்து பேசுவதில்லை. ஆகவே ஊரில் கேட்கும் குரல் எல்லாம் தப்பித்தவர்களின் குரல்தான். அடுத்த புயலுக்கு அந்தக் குரலை நம்பி நாலு பேர் தங்குவார்கள்.

ஆனால் என் தந்தையை மட்டும் குறை சொல்லி நான் உட்காரப் போவதில்லை. பிறகு ஊருக்குப் போனபோது பொறுமையாகக் கேட்டேன்: ஏன் போகவில்லை? அப்போதுதான் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு ஆடு, முகாமில் ஆட்டைச் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்குப் பூட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கும் இரண்டே கழிப்பறை. அவருக்கு முட்டிவலி, இரவில் நாலு முறை எழுந்திருப்பவர். இந்தக் காரணங்களில் ஒன்றையாவது நான் அந்த மூன்று போனிலும் கேட்டேனா? கேட்கவில்லை. “போங்க, போங்க” என்று விரட்டினேன். “என்ன தடுக்குது?” என்று ஒரு முறை கேட்டிருந்தால், பக்கத்து வீட்டுப் பையனிடம் ஆட்டை ஒப்படைக்கச் சொல்லி நூறு ரூபாய் அனுப்பியிருப்பேன்.

ஏழை வீட்டை விட்டு நகர மறுப்பது அறியாமை என்று பட்டணத்துப் படிப்பாளிகள் பேசுகிறார்கள். அறியாமையா? இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்கிறேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவை ஒட்டி கலவரம் மூண்டபோது, போவதா இருப்பதா என்று நீங்களும் ஓர் இரவு விழித்திருந்தீர்கள் அல்லவா? கன்னடத்து அண்டை வீட்டாரை நம்பி இருந்தவர்களும் உண்டு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலம் மலை இறங்கியவர்களும் உண்டு. வீடு என்றால் என்ன, சட்டி பானை என்றால் என்ன என்று அன்று நமக்குத் தெரிந்தது. அப்படியிருக்க, கரையில் இருப்பவன் மனம் மட்டும் நமக்கு எப்படிப் புரியாமல் போகும்?

சரி, தங்கினால் என்ன ஆகும்? காற்று கூரையைப் பிய்க்கும், மரத்தைச் சாய்க்கும். ஆனால் கூட்டம் கூட்டமாகக் கொல்வது கடல் நீர். புயல் கடலையே தள்ளிக்கொண்டு வந்து தரையில் ஏற்றுகிறது. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அங்கே காற்று கடலிலிருந்து நேரே நிலத்தைப் பார்த்து அடிக்கும். இன்னொன்று: புயலின் கண் மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று வெளியே வருவார்கள். பிறகு எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததை அறிவீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ரயிலையே கடல் வாரிக்கொண்டு போனது. ஊர் திரும்ப எழவே இல்லை. 1977 நவம்பர் 12-இல் நாகையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஒரே வாரம் கழித்து ஆந்திரத்துத் திவிசீமையில் கடல் ஏறியபோது ஏறத்தாழ 10 ஆயிரம் பேர்.

இது விதி என்றால், ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் அங்கேயும் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே அகற்றினார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. அதே கரை, அதே கடல், அதே ஏழைகள். மாறியது ஏற்பாடு.

கஜாவின்போது தமிழ்நாட்டிலும் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை முன்னரே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் பல உயிர் தப்பியது; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விழுந்த தென்னைக்கும், போன மாட்டுக்கும், வராத மின்சாரத்துக்கும் மக்கள் சாலையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சாதி பார்க்கும் முகாமுக்கு எந்த மானமுள்ளவன் விரும்பிப் போவான்?

இன்னொரு சங்கடமும் உண்டு. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து வலுவிழந்துவிட்டது. எச்சரிக்கையைக் கேட்டு வீட்டை விட்டுப் போனவர்கள், “சும்மா அலைக்கழித்தார்கள்” என்று முணுமுணுத்தார்கள். நான் சொல்கிறேன்: வீணாகப் போனால் இரண்டு நாள் கூலி நட்டம். வீணாக இருந்தால் உயிர் நட்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஆனால் அந்த இரண்டு நாள் கூலியை ஏழையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? போகச் சொல்லும் அரசு, போனவனுக்கு அந்தக் கூலியைக் கொடுக்கட்டும். புயல் வந்தாலும் கொடுக்கட்டும், வராவிட்டாலும் கொடுக்கட்டும். ஆடு மாட்டுக்கு மேட்டில் இடம், பெண்களுக்குத் தாழ்ப்பாளோடு கழிப்பறை, சாதி பாராத முகாம், இவற்றையும் கேட்டு நம் சங்கம் தீர்மானம் நிறைவேற்றித் தமிழக அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்த மேடையில் முன்மொழிகிறேன்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருப்பதா? கூடாது. இந்த வாரமே ஊருக்குப் போன் செய்யுங்கள். மழை தொடங்கும் முன்பே நாலு விஷயம் பேசி முடியுங்கள். எந்தக் கட்டடத்துக்குப் போவது? நடக்க முடியாதவரை யார் தூக்கிப் போவது? ஆட்டை எங்கே கட்டுவது? பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை எல்லாம் எந்தப் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது? ஆட்டோவுக்கும் பூட்டுக்கும் பணம் இப்போதே அனுப்பிவிடுங்கள்.

துறைமுகத்தில் 8, 9, 10 எண் கூண்டு ஏறினால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு ஏறிய பிறகு கூடி ஆலோசிக்க நேரம் இருக்காது. பஸ் நிற்கும், மரம் சாய்ந்து சாலை அடையும், போன் சாகும். பகல் வெளிச்சத்தில், காற்று எழும் முன்னே கிளம்பிவிட வேண்டும்.

என் தந்தை இப்போது இல்லை. கஜாவுக்கு இரண்டு வருடம் கழித்து நோயில் போனார். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டு வைத்த போன் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். கோபப்படாமல் கேளுங்கள்: “என்ன தடுக்குது, சொல்லுங்க.” அதைச் சரிசெய்து கொடுங்கள். அவர்கள் கிளம்புவார்கள்.