இரண்டாம் பாட்டு



முதற் பாட்டு ஒரு கலைஞனுக்குப் புகழைத் தேடித் தரலாம். அப்புகழுக்கு அவன் உரியவன்தானா என்று உலகம் கேட்பது இரண்டாம் பாட்டில். மின்னாற்றலால் ஒலியை ஆக்கும் சிந்தசைசர் என்னும் கருவியைக் கையாண்டவர்களுக்கும் இச்சோதனை நேர்ந்ததுண்டு.

நோர்வே நாட்டு இளைஞர் மூவர் ‘ஆ-ஹா’ என்ற குழுவாகச் சேர்ந்து பாடிய ‘டேக் ஆன் மீ’, 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அத்துள்ளல் மெட்டையே அவர்கள் திருப்பிப் பாடியிருக்கலாம், பாடவில்லை. ‘தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டி.வி.’ என்ற அடுத்த பாட்டில் கனமும் துயரமும் கலந்திருந்தன. முதற் பாட்டுக்கு இரண்டாமிடமே அளித்த பிரித்தானியா, 1986 சனவரியில் இதற்கு முதலிடம் அளித்தது.

நம் தமிழுலகிலும் இதற்குச் சான்று உண்டு. ஏ. ஆர். ரஹ்மான் ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது அக்குடும்பம். சிறு வயதிலேயே பிறர் குழுக்களில் கீபோர்டு வாசிக்கச் சென்ற அவருக்கு, 1992இல் ‘ரோஜா’ வாய்த்தது. மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’ ஊரெங்கும் ஒலித்தது; முதற் படத்துக்கே தேசிய விருதும் வந்தது. ஆயினும் அப்படத்தில் மணிரத்தினத்தின் கைவண்ணம் இருந்தது. வைரமுத்துவின் சொல்வளம் இருந்தது. இளைஞரின் பங்கு எவ்வளவு என்ற வினா எழுவது இயல்பே.

1993இல் வந்த ‘ஜென்டில்மேன்’ விடை பகர்ந்தது. இயக்குநர் ஷங்கருக்கு அதுவே முதற் படம். சுரேஷ் பீட்டர்சும், அந்நாளில் சிறுவனாயிருந்த ஜி. வி. பிரகாசும் பாடிய ‘சிக்கு புக்கு ரயிலே’, மென்மையான முதற் பாட்டுக்கு நேர்மாறாக நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. மின்கருவிகளின் துணை மாறவில்லை, நடைதான் மாறியது. அதே படத்தில் ‘உசிலம்பட்டிப் பெண்குட்டி’ கிராமத்து மெட்டில் அமைந்தது.

கொட்டகலை மக்களுக்கு இந்நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. 1885 முதல் நானுஓயா வரை செல்லும் புகையிரதம், அட்டனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்தினூடாக இங்கு வருகிறது. ஏற்றத்தில் அதற்கு ஒரு தாளம். இறக்கத்தில் வேறொரு தாளம். தண்டவாளம் ஒன்றே.

இத்தோட்டங்களின் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் பலர். நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, கடன்பட்டோ பெற்றோர் வாங்கிக் கொடுத்த கருவி அது. ஒரு பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டால், மறு ஆண்டும் அதையே வாசிக்கத் தோன்றுகிறது. புதியது தோற்றால் மேடை போய்விடும். மேடை போனால் கருவியும் அடகுக்குப் போய்விடும். வறியவனின் அச்சம் வீண் அச்சமன்று. ஆனால் பழகிய பாட்டையே ஓயாமல் கேட்டவர் நாளடைவில் வேறு குழுவைத் தேடுவர்.

அவ்விளைஞருக்குத் துணை அருகிலேயே இருக்கிறது. காமன் கூத்தில் முழங்கும் தப்பை எண்ணிப் பாருங்கள். திருவிழாவுக்கு ஓர் அடி, சாவீட்டுக்கு ஓர் அடி, தோல் ஒன்றே. நம் முன்னோர் ஒரே கருவியில் பல நடைகளைக் கண்டவர்கள். அந்த அடிகளைக் கற்று மின்கருவியில் ஏற்றிப் பார்க்கட்டும். புதிய பாட்டு முதல் நாள் தடுமாறினால், ஊரார் பொறுமையோடு இன்னொரு முறை கேட்கட்டும். இரண்டாம் பாட்டு பிறப்பதற்குக் கலைஞனின் துணிவோடு, கேட்போரின் பொறுமையும் வேண்டும்.